தலைவலியை மட்டும் எழுதினால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து கோச் அர்பன் மேயர் 2018 டிசம்பரில் ஓய்வு அறிவித்ததைப் பற்றி உங்கள் பத்திரிகை உட்பட யார் பேசினாலும், 7 சீசனில் 83 வெற்றி, 9 தோல்வி என்று ஆரம்பித்து, மூளையில் இருந்த நீர்க்கட்டி, தாங்க முடியாத தலைவலி என்று முடித்துவிடுகிறார்கள். அந்த வலி உண்மைதான். ஆட்டத்தின் நடுவே மைதான ஓரத்தில் அவர் மண்டியிட்டதைப் பார்த்து எனக்கும் மனசு பதறியது.

ஆனால் அதே வருஷம் ஆகஸ்டில், மனைவியை அடித்ததாகப் புகாருக்கு ஆளான உதவி கோச் விஷயத்தைச் சரியாகக் கையாளவில்லை என்று பல்கலைக்கழகமே மேயரை 3 ஆட்டங்களுக்கு விலக்கி வைத்ததே, அதை மட்டும் ஏன் முணுமுணுப்பாகச் சொல்ல வேண்டும்?

எங்கள் அல்சூர் கௌதமபுரத்தில் தெருவுக்குத் தெரு கால்பந்துதான், அங்கே கோச் என்றால் அப்பாவுக்குச் சமம். என் கோச் வரும் சத்தம் கேட்டாலே அவிழ்ந்த ஷூ லேஸைக் குனிந்து கட்டிக்கொள்வோம், அவ்வளவு மரியாதை. பந்தை எப்படி உதைப்பது என்பதோடு, ஒரு பெண்ணின் புகாரைப் பெரியவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதையும் பையன்கள் கவனிக்கிறார்கள் சார். அடுத்த முறை மேயரின் தலைவலியையும் அந்த விலக்கலையும் ஒரே செய்தியில் எழுதுங்கள்.

ஒரு வாசகர்,
கௌதமபுரம், பெங்களூரு