நள்ளிரவுக் கையெழுத்தும் பன்னிரண்டாம் விதியும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவைக்குப் பிறகு மருத்துவர் இப்போதுதான் படிக்க அனுமதித்திருக்கிறார் என்பதால், உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. சட்டக் கல்லூரியில் சேர்ந்திருக்கும் உங்கள் பேத்தி, "நெருக்கடி நிலையின்போது இந்திரா காந்தி எந்தச் சட்டத்தை மீறினார்?" என்று கேட்டதாகவும், உங்களுக்குச் சட்டென்று பதில் வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். எனக்கும் வந்திருக்காது. அவர் சட்டத்தை மீறியதைக் காட்டிலும் அதைக் கைக்கொண்டதுதான் அதிகம். எடுத்துவைத்த அடிக்கெல்லாம் ஒரு பிரிவோ விதியோ இருந்தது, இல்லாத இடத்தில் திருத்தம் ஒன்று உடனே பிறந்தது.

1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா, இந்திராவின் ரேபரேலி தேர்தல் வெற்றி செல்லாது என்று தீர்ப்பளித்தார். அரசுப் பணியில் இருந்த யஷ்பால் கபூரைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தியதும், மாநில அரசு அதிகாரிகளைக் கொண்டு பிரசார மேடையும் ஒலிபெருக்கிக்கு மின்சாரமும் ஏற்பாடு செய்துகொண்டதும்தான் குற்றங்கள். ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அந்தத் தீர்ப்புக்கு நிபந்தனைகளுடன் இடைக்காலத் தடை வழங்கினார். மறுநாள் இரவே குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது அரசியலமைப்பின் 352ஆம் பிரிவின்கீழ் நெருக்கடி நிலை அறிவிப்பில் கையெழுத்திட்டார்.

அன்றிரவு பிரதமர் அவருக்கு எழுதிய கடிதத்தை உங்கள் பேத்தி அவசியம் படிக்க வேண்டும். இதை அமைச்சரவையின் முன் வைக்க விரும்பியதாகவும், இரவாகிவிட்டதால் இயலவில்லை என்றும், ஆகவே மத்திய அரசின் 1961ஆம் ஆண்டு அலுவல் விதிகளில் பன்னிரண்டாம் விதி தரும் அதிகாரத்தின்படி அந்த நடைமுறையிலிருந்து விலகுவதாகவும், காலையில் முதல் வேலையாக அமைச்சரவைக்குத் தெரிவிப்பதாகவும் அதில் கண்டிருக்கிறது. ஒரு நாட்டின் உரிமைகளை நிறுத்திவைக்கும் கடிதம், விடுப்பு விண்ணப்பத்தின் பணிவோடு விதி எண்ணைக் குறிப்பிடுகிறது. 1971 போர்க்காலத்து நெருக்கடி நிலை அப்போதும் விலக்கப்படாமல் இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். இருந்த ஒன்றின்மேல் இன்னொன்றை ஏற்றினார்கள்.

அதைவிட என்னை வியக்க வைப்பது ஆகஸ்டு மாதத்து வேகம். உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீட்டு விசாரணை 11ஆம் தேதிக்கு வைக்கப்பட்டிருந்தது. பிரதமரின் தேர்தலை நீதிமன்றங்களின் வரம்புக்கு அப்பால் கொண்டுசெல்லும் 39ஆவது திருத்தம் 7ஆம் தேதி மக்களவையிலும் 8ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறியது. சனிக்கிழமையான 9ஆம் தேதி மாநிலச் சட்டமன்றங்கள் ஒப்புதல் அளித்தன. ஞாயிற்றுக்கிழமை குடியரசுத் தலைவரும் ஒப்பமிட்டார். நம் ஊரில் ஒரு பட்டா மாறுதலுக்கு எத்தனை மாதம் நடக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தத் திருத்தத்தின் முக்கியப் பகுதியை நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்று நீக்கியது. ஆனாலும் தேர்தல் சட்டம் அதற்குள் முன்தேதியிட்டுத் திருத்தப்பட்டிருந்ததால், சின்ஹா குற்றமென்று கண்டவை குற்றமல்லாமல் போயின, வெற்றி செல்லுபடியானது.

நீதிமன்றம் அடுத்த ஆண்டு நடந்துகொண்ட விதத்தை எண்ணினால் எனக்கு இன்றும் ஆறவில்லை. விசாரணையின்றிக் காவலில் வைக்கும் மிசா சட்டத்தில் அடைபட்டவர்கள் தங்கள் காவல் முறையானதா என்று கேட்டு ஆட்கொணர்வு மனு போடலாமா என்ற ஜபல்பூர் வழக்கில் நீதிபதி எச். ஆர். கன்னா அரசுத் தலைமை வழக்கறிஞர் நிரேன் டேயிடம், ஒரு காவல் அதிகாரி சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றால்கூட நிவாரணம் கிடையாதா என்று கேட்டார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை கிடையாது என்பதே பதில். 1976 ஏப்ரல் 28 அன்று நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் நின்றார்கள். கன்னா ஒருவரே மறுத்தார். அடுத்த ஜனவரியில் கன்னாவின் பணிமூப்பைத் தாண்டி எம். எச். பெய்க் தலைமை நீதிபதியாக்கப்பட, அவர் பதவி விலகினார். அந்த நியமனத்திலும் அரசியல் சட்டத்தின் எழுத்து மீறப்படவில்லை.

நம் மாநிலத்தில் 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதற்கும், மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவர வழிசெய்யும் 356ஆம் பிரிவும் ஆளுநர் அறிக்கையும் இருந்தன. பேரவையின் ஆயுள் முடியச் சில வாரங்களே இருந்தன என்பதைத்தான் எந்த அறிக்கையாலும் விளக்க முடியவில்லை.

இவையெல்லாம் எதிர்பாராமல் நேர்ந்தவையும் அல்ல. 1949 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத், இந்த நெருக்கடிப் பிரிவுகளுக்கு இணையாக ஜெர்மனியின் வைமர் அரசியலமைப்பைச் சுட்டிக்காட்டி எச்சரித்தார். அங்கே நெருக்கடி அதிகாரம் தரும் 48ஆம் பிரிவு குடியரசைக் காக்கவே எழுதப்பட்டது. 1933 பிப்ரவரி 28 அன்று, நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த மறுநாள், அதே பிரிவின்கீழ் உரிமைகள் பறிக்கப்பட்டன. மார்ச் 23 அன்று 444 வாக்குகளுக்கு 94 என்ற கணக்கில் நாடாளுமன்றமே சட்டமியற்றும் அதிகாரத்தை ஹிட்லரின் அரசுக்குத் தாரைவார்த்தது. வைமர் அரசியலமைப்பை அவர் முறைப்படி ரத்து செய்யவே இல்லை. இந்திராவை ஹிட்லரோடு ஒப்பிடுவது எனக்கு உடன்பாடில்லை. அவர் தேர்தல் வைத்தார், தோற்றார், இறங்கினார். கருவியின் ஒற்றுமையைத்தான் சொல்கிறேன்.

1978இல் ஜனதா ஆட்சி கொண்டுவந்த 44ஆவது திருத்தம், "உள்நாட்டுக் குழப்பம்" என்ற காரணத்தை "ஆயுதக் கிளர்ச்சி" என்று மாற்றியது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வராமல் இனிக் குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையை அறிவிக்க முடியாது. உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்குமான 21ஆம் பிரிவை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாது. ஜபல்பூர் தீர்ப்பு முற்றாகக் கைவிடப்பட 2017 வரை ஆயிற்று. பன்னிரண்டாம் விதியோ அப்படியே இருக்கிறது. 2019 நவம்பர் 23 விடியற்காலையில் மகாராஷ்டிரத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சியை அமைச்சரவை கூடாமலே விலக்கிக்கொள்ள அதைத்தான் எடுத்தார்கள்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

உங்கள் நண்பன்