ஊர்க் குழு அட்மின்களுக்கு: வேண்டாத பொருள் வேண்டியவர் கைக்குப் போய்ச் சேர

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், சாயல்குடி என்று நம் ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்து ஊர்களில் வாட்ஸ்அப் குழு நடத்தும் அட்மின்கள் எல்லோருக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். வீட்டில் வேண்டாமல் கிடக்கும் பொருளை இலவசமாகக் கொடுப்பதற்கென்று ஒரு தனிக் குழு தொடங்குங்கள். அதை உங்கள் தெரு, உங்கள் ஜமாஅத், உங்கள் சர்ச் பங்கு, உங்கள் சமுதாயம் என்று வேலி போடாமல், பக்கத்துக் குப்பத்துக்கும் பக்கத்து ஊருக்கும் சேர்த்துத் திறந்துவிடுங்கள். இரண்டாவதாகச் சொன்னதுதான் முக்கியம். அதற்காகத்தான் இந்த மடலே.

நான் கீழக்கரைக்காரி. எங்கள் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீடுகளை உங்களுக்கும் தெரியும். ஆண்கள் வளைகுடாவில், பிள்ளைகள் சென்னையில், பெரியவர்கள் மவுத்தான பிறகு வீட்டுக்குப் பூட்டு. பெருநாளுக்கோ கல்யாணத்துக்கோ திறக்கும்போது உள்ளே பார்த்தால் மனசு கஷ்டப்படும். கல்யாணச் சீராக வந்து அட்டை பிரிக்காத டின்னர் செட், மூன்று நான்கு ஹாட்பேக், வெளிநாட்டிலிருந்து வந்த கனத்த போர்வைகள், அரசு கொடுத்த மிக்ஸி, அதற்கு மேல் சொந்தக் காசில் வாங்கிய மிக்ஸி. வாப்பா படுத்திருந்தபோது வாங்கிய வாட்டர் பெட், வாக்கர், கம்மோடு நாற்காலி. பேரப்பிள்ளைக்கு வாங்கிய தொட்டில், நடைவண்டி. ஒன்றும் பழுதில்லை. ஆனால் யாருக்கும் உதவாமல் கிடக்கிறது.

நம் உப்புக்காற்று அதையெல்லாம் அப்படியே விட்டுவைக்காது. பூட்டிய வீட்டில் முதலில் பீரோவின் கால் அரிக்கும். அடுத்தது ஃபிரிட்ஜின் பின்பக்கம். கிரைண்டரில் கல் கிண்ணென்று இருக்கும், மோட்டார் இறுகிப்போய்விடும். இரண்டு மழைக்காலம் தாண்டினால் பழைய இரும்புக் கடைக்காரர் கிலோ கணக்குப் போட்டுத்தான் எடுப்பார். அவரும் எடுக்காத பொருள் உண்டு: ஃபோம் மெத்தை, ஊறிப்போன பிளைவுட் அலமாரி, கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி. அவை கருவேலங்காட்டிலும் கண்மாய்க் கரையிலும் கடற்கரையிலும் கிடக்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் அந்த மெத்தை ஊறிப் பிய்ந்து, பஞ்சும் ஃபோமும் ஓடையோடு கடலுக்குப் போகிறது. 1986 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் மன்னார் வளைகுடாவின் தீவுகள் பலவும் நம் கரைக்கு எதிரேதான் கிடக்கின்றன. பாசி எடுக்கப் போகும் பெண்கள் அந்தத் தண்ணீரில்தான் இடுப்பளவு நின்று வேலை செய்கிறார்கள்.

இப்படிப்பட்ட குழுக்கள் உலகத்துக்குப் புதிதில்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் என்ற ஊரில் டெரன் பீல் என்பவர் 2003 மே மாதம் தனக்குத் தெரிந்தவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி 'ஃப்ரீசைக்கிள்' என்ற வலையமைப்பைத் தொடங்கினார். கொடுக்கும் பொருளுக்கு ஒரு பைசா வாங்கக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை விதி. பத்து வருடம் கழித்து, 2013 ஜூலையில், வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில் ரெபெக்கா ராக்கஃபெல்லர், லீசல் கிளார்க் என்ற இரண்டு பெண்கள் 'பை நத்திங்' குழுவைத் தொடங்கினார்கள். அவர்களை அந்த வேலைக்குத் தள்ளியது எது தெரியுமா? தங்கள் தீவின் கரையில் ஒதுங்கிய பிளாஸ்டிக்கைப் பொறுக்கப் போனதுதான். கரையில் பொறுக்கி மாளாது, வாங்குவதைக் குறைத்து இருப்பதைக் கைமாற்றினால்தான் குறையும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. கடலோரத்தில் பிறந்த எனக்கு அது நன்றாகவே விளங்குகிறது.

நம் பக்கத்திலும் முயற்சிகள் உண்டு. வேண்டாததை வைத்துவிட்டுப் போனால் வேண்டியவர் எடுத்துக்கொள்ளும் 'அன்புச் சுவர்' ஒன்றைத் திருநெல்வேலியில் மாவட்ட நிர்வாகமே வைத்தது. 2023 மே மாதம் ஒன்றிய அரசு நாடு முழுவதும் நகர்ப்புற உள்ளாட்சிகளில் பழைய துணி, புத்தகம், பாத்திரம் சேகரிக்கும் மையங்களைத் திறக்கச் சொன்னது. நல்ல காரியங்கள்தான். ஆனால் நம் மாவட்டத்தில் நகராட்சி என்று இருப்பவை ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை, ராமேஸ்வரம், இந்த நான்குதான். கடற்கரைக் குப்பங்கள் பெரும்பாலும் ஊராட்சிகளில் இருக்கின்றன. சுவரில் மாட்டிவைத்தாலோ உப்புக்காற்றும் மழையும் பட்டு இரண்டு நாளில் துணி வீணாகும். போனில் படம் போட்டு, பொருளை வீட்டுக்குள்ளேயே பத்திரமாக வைத்து, தேவைப்படுகிறவர் வந்து எடுத்துப்போகும் வழிதான் நமக்குச் சரிப்படும்.

இனி வேலி விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் குழுக்கள் நல்ல வேலை செய்கின்றன. ரத்தம் தேவை என்றால் அரை மணி நேரத்தில் ஆள் கிடைக்கிறது. மவுத் அறிவிப்பு, மின்தடை, காணாமல் போன பிள்ளை, எல்லாமே உங்கள் வழியாகத்தான் ஊருக்குத் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு குழுவும் ஒரே மாதிரி ஆட்கள் இருக்கிற குழு. எங்கள் தெருக் குழுவில் ஒரு லாத்தா (அக்கா) நல்ல ஸ்டீல் கட்டில் ஒன்றைப் படம் எடுத்துப் போட்டார். அடுத்த நிமிஷமே 'எனக்கு', 'எனக்கு' என்று வந்தது. எடுத்துப்போன வீட்டில் ஏற்கெனவே மூன்று கட்டில். பிறகு எப்போதாவது உதவும் என்று மாடியில் போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து பத்து நிமிஷ நடையில் இருக்கும் குப்பத்தில், மழைக்காலத்தில் தரை ஊறி ஈரமாகும் வீட்டில், இடுப்பு ஒடிந்த ஒரு பெரியவர் பாய் விரித்துப் படுத்திருக்கிறார். அந்த வீட்டார் யாரும் எங்கள் குழுவில் இல்லை. யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. பொருள் தேங்கிக் கிடக்கும் இடம் ஒரு குழுவில், தேவை இருக்கும் இடம் வேறொரு குழுவில், நடுவில் பாதை இல்லை. அந்தப் பாதையைத் திறக்க உங்களால்தான் முடியும். 'பை நத்திங்' குழுக்களிலும் இதே சிக்கல் வந்தது. வட்டாரத்தைச் சின்னச் சின்னதாகப் பிரித்தபோது, வசதியான தெருவும் வசதியில்லாத தெருவும் தனித்தனியாகிப் போயின என்று அங்கேயே குறை எழுந்தது.

அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய நல்ல பழக்கமும் ஒன்று உண்டு. முதலில் கேட்டவருக்கே பொருள் என்ற கட்டாயம் அங்கே இல்லை. பதிவைக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டு, யார் யார் கேட்கிறார்கள் என்று பார்த்துப் பிறகு கொடுக்கலாம். நாமும் குறைந்தது ஒரு முழு நாள் காத்திருப்போம். கடலுக்குப் போனவர் கரைக்கு வந்த பிறகுதான் போனைப் பார்ப்பார். வீட்டுக்கு ஒரே போன் என்றால் அது பெரும்பாலும் ஆண் கையில் இருக்கும். அந்த வீட்டுப் பெண்ணுக்குச் செய்தி தெரிவதற்குள் பொருள் போய்விட்டால், குழுவைத் திறந்தும் பிரயோஜனமில்லை. போனே இல்லாதவர்களுக்காக ஊருக்கு ஒருவர், அங்கன்வாடி அக்காவோ சுய உதவிக் குழுத் தலைவியோ, அவர்கள் சார்பில் 'தேவை' என்று பதிவு போட வேண்டும்.

'தேவை' என்ற பதிவைத் தயவுசெய்து அனுமதியுங்கள். சில குழுக்களில் கேட்டாலே பிச்சை எடுப்பதுபோல் பேசுகிறார்கள். கொடுக்கிறவருக்கு என்ன கொடுப்பதென்று தெரிவதே கேட்கும்போதுதான். நம் ஊர்களில் தண்ணீர் எடுப்பது என்ன பாடு என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு குழாயடிக்கும் ஊற்றுக்கும் அலையும் பெண்களுக்கு, மூடியோடு ஒரு நீல டிரம் கிடைப்பது டின்னர் செட்டைவிடப் பெரிய விஷயம். நல்ல குடம் நான்கு கிடைத்தால் அதுவே போதும் என்பார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகள் கைடும் டேபிள் ஃபேனும் கேட்பார்கள். டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிறவர்கள் போன வருடத்துப் புத்தகத்தைக்கூட மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார்கள். கேட்க விட்டால்தானே இதெல்லாம் தெரியவரும்?

அடுத்து, புகைப்படம். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். வாங்குகிறவரைப் படம் எடுக்காதீர்கள். ஒரு மிக்ஸியை ஆறு பேர் பிடித்துக்கொண்டு நிற்க, நடுவில் ஒரு பெண் முந்தானையால் முகத்தைப் பாதி மறைத்து நிற்கும் படம் ஒன்று குழு குழுவாகச் சுற்றியது. அந்தப் படம் அவள் மகளின் வகுப்பு வரை போனது. அதற்குப் பிறகு, நல்ல ஸ்டவ் ஒன்று தருகிறோம் என்று ஆள் அனுப்பியும் அவள் வரவில்லை. படம் வேண்டுமென்றால் பொருளைப் படம் எடுங்கள். பொருள் கைமாறியதும் 'போய்ச் சேர்ந்தது' என்று ஒரு வரி போட்டால் போதும். யாருக்கு என்று போட வேண்டாம். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று பள்ளிவாசலிலும் சொல்கிறார்கள், கோயில் பக்கமும் சர்ச்சிலும் சொல்கிறார்கள். குழுவிலும் அது நடக்கட்டும்.

பெண்களின் பாதுகாப்பையும் யோசியுங்கள். கணவர் வெளிநாட்டில், வீட்டில் அவளும் பிள்ளைகளும் மட்டும் என்றால், பொருள் எடுக்க முன்பின் தெரியாதவர் வாசலுக்கு வருவது சரிவராது. சாதாரண வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பல குழுக்களை ஒன்றாகச் சேர்க்கும் வாட்ஸ்அப் 'கம்யூனிட்டி'யாகத் தொடங்கினால், அதன் அறிவிப்புக் குழுவில் நம்பர் அட்மினுக்கு மட்டும் தெரியும், மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. கொடுக்கும் இடத்தைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம்: பள்ளிவாசல் தாழ்வாரம், சர்ச் வளாகம், கிராம நூலகம், சமுதாயக் கூடம். வாரத்தில் ஒரு நாள் காலை இரண்டு மணி நேரம் போதும். பீரோ, கட்டில் மாதிரிப் பெரிய சாமான்களுக்குக் குட்டி யானை வாடகைதான் பெரிய தடை. பொருள் இலவசம், வண்டிக்குக் காசில்லை என்று எத்தனையோ நின்றுபோகிறது. ஐந்தாறு சாமான் சேர்ந்ததும் ஒரே நடையில் அனுப்பினால் அந்தச் செலவைப் பகிர்ந்துகொள்ள ஆள் இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து குழுவைப் பார்க்கும் காக்காமார்களிடம் (அண்ணன்மார்களிடம்) கேளுங்கள், கண்டிப்பாகத் தருவார்கள்.

பழுதானதைத் தள்ளிவிடும் இடமாகக் குழு ஆகிவிடக் கூடாது. 'கால் துருப்பிடித்திருக்கிறது, பூட்டு வேலை செய்யும்' என்று உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். குக்கரென்றால் வெயிட்டும் கேஸ்கெட்டும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேஸ் அடுப்போடு பழைய ரப்பர் டியூபைக் கொடுக்கவே கூடாது. அந்த டியூபின் ஆயுள் ஐந்து வருடம்தான், புதிதாக வாங்கிப் போடுவதே நல்லது. மருந்து மாத்திரை வேண்டவே வேண்டாம். 2006 முதல் 2011 வரை அரசு கொடுத்த பழைய குண்டு டி.வி.க்களை ஓடாத நிலையில் யாருக்கும் கொடுக்காதீர்கள். அந்தக் குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. செம்புக்காக வயரை எரிக்கும் புகை பிள்ளைகளின் மூச்சுக்குள் போகும். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி அவை பதிவு பெற்ற மறுசுழற்சி செய்பவர்களிடம் போக வேண்டியவை. ஐம்பது அறுபது சேர்ந்ததும் நகராட்சியிடம் ஒரு மனு கொடுப்போம், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

இலங்கைத் தமிழ் அகதிகள் தங்கியிருக்கும் மண்டபம் முகாமையும் மறந்துவிடாதீர்கள். இலங்கையில் 2022-இல் பொருளாதாரம் நொடிந்தபோது, மார்ச் மாதத்திலிருந்து எத்தனை குடும்பங்கள் கைப்பையும் கைக்குழந்தையுமாக தனுஷ்கோடிக் கரையில் வந்து இறங்கின! ஒரு குடும்பத்துக்கு அடுப்பிலிருந்து அகப்பை வரை எல்லாமே முதலிலிருந்து வேண்டும். முகாமுக்குள் பொருள் கொடுக்க அனுமதி வாங்க வேண்டும். தனி ஆளாகப் போனால் நடக்காது. நான்கு ஊர் அட்மின்கள் சேர்ந்து போய்க் கேட்டால் வழி பிறக்கும்.

எப்போது தொடங்குவது என்று கேட்டால், மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன்பே என்பேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வீட்டில் வருமானம் நிற்கும், நகை அடகுக்குப் போகும், அது முடிகிற சமயத்தில் பள்ளிக்கூடமும் திறந்துவிடும். அந்த நேரத்தில் ஒரு ஸ்கூல் பேக்கோ மேசையோ காசில்லாமல் கிடைத்தால் ஒரு சின்னக் கடனாவது குறையும். அதே கோடை விடுமுறையில்தான் எங்கள் பூட்டிய வீடுகள் திறக்கின்றன, பிள்ளைகுட்டிகளோடு எல்லோரும் ஊருக்கு வருகிறார்கள். கொடுக்கிறவர் ஊரில் இருக்கும் காலமும் வாங்குகிறவருக்கு முடை வரும் காலமும் ஒன்றாக வருகிறது.

கீழக்கரையில் பெண்கள் தரப்பில் அழைப்புகளைக் கவனிக்க நானும் எங்கள் தெருவில் இரண்டு பேரும் தயாராக இருக்கிறோம். ஏர்வாடியிலும் பெரியபட்டினத்திலும் குப்பத்துக்கு ஒருவராகப் பெண்கள் யாராவது முன்வந்தால் அட்மின்கள் அவர்களையும் சேர்த்துவிடுங்கள். முதல் பதிவாக ஒரு வாக்கர், ஒரு வாட்டர் பெட், மூடியோடு இரண்டு டிரம் எங்கள் வீட்டிலிருந்து வரும். வாட்டர் பெட்டில் தண்ணீர் நிரப்பிப் பார்த்துவிட்டேன், எங்கும் ஒழுகவில்லை.

இப்படிக்கு,
கீழக்கரையிலிருந்து உங்கள் சகோதரி