பூச்செடிக்குள் புல் மருந்து: அருகா, கோரையா என்று பார்த்து அடியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் சென்னை வீட்டுத் தோட்டங்களில் செம்பருத்தி, இட்லிப்பூ, மல்லிகைக்குள் அருகம்புல் புகுந்துவிடுகிறது. 'செடிக்கு ஒன்றும் ஆகாது, புல் மட்டும் சாகும்' என்று விற்கப்படும் மருந்தைப் பலர் வாங்குகிறார்கள். குயிசலோபாப் ஈதைல் 5 சதவீதம் இ.சி. (நீரில் பால்போல் கலக்கும் எண்ணெய்க் கரைசல்) போன்றவற்றைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மைதான். புல் கொழுப்பு அமிலம் தயாரிக்கத் தேவையான நொதியை அது முடக்குகிறது. அகன்ற இலைச் செடிகளில் அந்த நொதி வேறு வடிவில் இருப்பதால் அவை தப்பிக்கின்றன. கிளைபோசேட் என்ற களைக்கொல்லி அப்படியல்ல, பட்ட செடியெல்லாம் காயும். பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்று 2022-ல் மத்திய அரசு அறிவித்தது. எனவே 'களை மருந்து' என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தந்தால் தொடவே வேண்டாம்.

மருந்து கேட்கவில்லை என்ற புகாருக்குப் பல நேரம் கோரைதான் காரணம். தண்டை விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள். மூன்று பட்டையாகத் தட்டுப்பட்டால் அது கோரை. அது புல் இனமே அல்ல, இந்த மருந்துக்கு அசையாது. கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டியதுதான். மாறாக எலுமிச்சைப்புல், வெட்டிவேர், மூங்கில், புல்தரை எல்லாம் புல் இனம். மருந்துச் சாரல் பட்டாலே அடி வாங்கும்.

வயலுக்குச் சொல்லும் அளவு ஏக்கருக்கு 400 மி.லி., 200 லிட்டர் தண்ணீரில். அதாவது லிட்டருக்கு 2 மி.லி. பாட்டில் மூடியால் அளக்காமல் ஊசி நீக்கிய சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள். லேபிளில் உள்ள பயிர்ப் பட்டியலில் பூச்செடிகள் இருக்காது. ஆகவே முதலில் ஒரு செடியைச் சுற்றி மட்டும் அடித்துப் பத்து நாள் பாருங்கள். எண்ணெய்த்தன்மை உள்ள மருந்து என்பதால் வெயிலில் அடித்தால் பூவும் கொழுந்தும் கருகக்கூடும். கீரை, கறிவேப்பிலை அருகே வேண்டாம், கையால் பிடுங்குங்கள்.

முந்தின நாள் தண்ணீர் விட்டு, கடல்காற்று கிளம்புமுன் காலையிலேயே அடித்துவிடுங்கள். வாடிய புல் மருந்தை இழுக்காது. இலை நனைந்தால் போதும், சொட்ட வேண்டாம். கையுறை, முகக்கவசம், கண்ணாடி கட்டாயம். அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் 2,4-டி மருந்தை அடித்த தெளிப்பானை இதற்கு எடுக்காதீர்கள், மிச்சமிருக்கும் துளியே செம்பருத்தியைச் சுருட்டிவிடும்.

மூன்றாம் நாளும் புல் பச்சையாக இருக்கிறதே என்று மறுபடி அடிப்பதுதான் பெரிய தவறு. ஒரு வாரம், பத்து நாளில் நடுக்குருத்தை இழுத்தால் அடி பழுத்துக் கையோடு வரும். முழுதும் காய மூன்று வாரம் ஆகலாம். அருகு வேர்த்தண்டிலிருந்து மறுபடி துளிர்க்கும். புதுத் துளிர் நன்கு விட்ட பிறகு இரண்டாம் முறை அடிக்கலாம்.

தெளிப்பானைக் கழுவிய நீர் மழைநீர் சேகரிப்புக் குழிக்கோ அல்லித் தொட்டிக்கோ போகக் கூடாது. மீன்களுக்கு இது கடும் நஞ்சு. பிள்ளையாருக்கும் சாற்றுக்கும் அருகம்புல் பறிக்க வருபவர்கள் நம் ஊரில் உண்டு, தெருமாடும் மேயும். புல் காய்ந்து அள்ளப்படும் வரை 'மருந்து அடித்தது' என்று பலகை வையுங்கள்.

இப்படிக்கு,
தோட்டக்கலை ஆர்வலர்கள் சிலர்,
அடையாறு, சென்னை