ஒத்திகை இல்லை என்றால் தயாரிப்பும் இல்லையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மூத்த கலைஞர்கள் ராத்திரியில் கூடி, முன்கூட்டி எதையும் எழுதி வைக்காமல் வாசித்து ஓர் ஆல்பத்தையே முடித்துவிடுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ என்ற ஆல்பம் எந்தத் தயாரிப்பும் இல்லாமல் உருவானது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஒத்திகை இல்லை என்பது உண்மைதான். தயாரிப்பு இல்லை என்பதை ஏற்க முடியவில்லை. அதைவிட வருத்தம், அதைப் பதிவு செய்தவரின் பெயரே கட்டுரையில் இல்லை. அவர் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர்.

1992 செப்டம்பரில் கலிபோர்னியாவின் சான்டா பார்பராவில், ஒரு குருமடத்துச் சிற்றாலயத்தில் நடந்த பதிவு அது. மோகன வீணைக் கலைஞர் விஸ்வ மோகன் பட்டும் அமெரிக்க கிட்டார் கலைஞர் ரை கூடரும் அறிமுகமானதே அரை மணி நேரம் முன்புதான். தபலா சுக்விந்தர் சிங் நாம்தாரி. தும்பெக் என்ற கைமுரசை வாசித்தது கூடரின் 14 வயது மகன்.

கிட்டாரை மாற்றியமைத்து பட் உருவாக்கிய மோகன வீணையைக் கொஞ்சம் பாருங்கள். 20 தந்திகள்: வாசிக்க 3, சுருதிக்கு 5, மீதி 12-ம் தானாக அதிர்வதற்கு. அந்த 12-ஐயும் வாசிக்கப்போகும் ராகத்தின் ஸ்வரங்களுக்குச் சேர்த்தாக வேண்டும். ஆகவே எந்த ஸ்வரங்கள், எந்தச் சுருதி என்பது முதல் மீட்டலுக்கு முன்பே முடிவாகியிருக்கும். தபலாவும் அப்படியே. பக்கவாட்டு மரத்துண்டுகளைத் தட்டிச் சுருதியைக் கொஞ்ச தூரம்தான் ஏற்றி இறக்கலாம். அதற்கு மேல் என்றால் வேறு தபலா எடுக்க வேண்டும். பாதியில் ஒருவர் “சுருதியை அரைக் கட்டை ஏற்றிக்கொள்ளலாமா” என்று கேட்டால் அன்றைய சூடு ஆறிவிடும்.

இன்னொரு சிக்கல், பட், கூடர் இருவருமே தந்தியின் மேல் வழுக்கி வாசிப்பவர்கள். பட் மடியில் கிடத்தி உருக்குத் துண்டால், கூடர் விரலில் மாட்டிய குழாயால். ஸ்வரஸ்தானத்தை விரலுக்கு மெட்டு (தண்டின் மேலுள்ள குறுக்குக் கம்பி) காட்டாது, காதுதான் காட்ட வேண்டும். ஒரே ஸ்தாயியில் இருவரும் ஒரு ஸ்வரத்தை மயிரிழை தள்ளிப் பிடித்தால் ஒலி அலையடிக்கும். ஒருவர் மேலே ஏறும்போது மற்றவர் கீழ் ஸ்தாயியில் தங்குவதுதான் வழி. அந்தப் பதிவில் இதைக் காதால் தொடர்ந்து பாருங்கள், அனுபவம் என்றால் என்ன என்று புரியும்.

இதில் அலெக்சாண்டர் கையாண்டது, ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் பிளம்லைன் 1931-ல் காப்புரிமை கோரிய முறை. முன்னும் பின்னும் சமமாகக் கேட்கும் இரண்டு மைக்குகள், ஒன்றின் தலைக்கு மேல் ஒன்றாக, 90 பாகை திருப்பி வைத்தது. அவ்வளவுதான். தபலா தூக்கலாகக் கேட்டால் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கிச் சரிசெய்ய முடியாது. தபலாக்காரரைத்தான் ஓரடி பின்னால் உட்காரச் சொல்ல வேண்டும். யாராவது மைக்குக்கு நேர் பக்கவாட்டில் நகர்ந்துவிட்டால் அவர் ஒலி இரண்டு மைக்கிலும் எதிரெதிராகப் பதிந்து, இரண்டையும் ஒன்றாகக் கலந்து மோனோவில் கேட்கும்போது கரைந்தே போய்விடும். தவறிய இடத்தை மட்டும் மறுபடி வாசித்து ஒட்டுவதும் கடினம். முந்தைய ஸ்வரத்தின் நீளொலி கூடத்துக்குள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும், ஒட்டிய இடத்தில் அது சட்டென்று அறுந்துவிடும்.

இத்தகைய பதிவுகளுக்கு இரவைத் தேடுவதும் மனநிலைக்காக மட்டும் அல்ல. பின்பக்கமும் கேட்கும் மைக் தெருவில் போகும் லாரியையும் விடாது. ஏசியை நிறுத்த வேண்டும், ட்யூப்லைட்டை அணைக்க வேண்டும். ஏசி நின்றால் அறை சூடாகும், உருக்குத் தந்தி நீண்டு சுருதி இறங்கும். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் 20 தந்திகளையும் தொட்டுப் பார்க்காமல் முடியாது.

டேப்பும் ஒரு கட்டுப்பாடு. 2,500 அடி ரீல் வினாடிக்கு 15 அங்குல வேகத்தில் 33 நிமிடம் ஓடும்; 30 அங்குலம் என்றால் அதில் பாதி. மனோதர்மம், அதாவது அந்தக் கணத்துக் கற்பனை, எவ்வளவு பெருகினாலும் முடிக்கும் இடம் ஒன்று வேண்டும். நம் மேடையில் மோரா என்ற முடிப்புத் தாளக்கோவை கேட்டதும் எல்லோரும் எடுப்புக்கு, அதாவது பாட்டு தொடங்கும் இடத்துக்கு, வந்து சேர்வதுபோல வடக்கே திஹாய். ஒரே சொற்கட்டு மூன்று முறை திரும்பினால் நால்வருக்கும் தெரிந்துவிடும்.

1993-ல் வெளியான இந்த ஆல்பம் மறுவருடம் கிராமி வாங்கியது. அடுத்த இதழில் ஒரு திருத்தமாகவாவது கவிச்சந்திரன் அலெக்சாண்டர் பெயரைப் போடுங்கள். இனி ஆல்பங்களைப் பற்றி எழுதும்போது, வாசித்தவர்களின் பெயருக்குப் பக்கத்திலேயே பதிவு செய்தவர் பெயரும் வரட்டும்.

– ஒலிப்பதிவுக் கலைஞர்கள் இருவர், கோவை