இன்னும் நேரம் இருக்கிறது

அன்புள்ள சேது,

நீ பாரிஸிலிருந்து அனுப்பிய படம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. கண்புரை ஆபரேஷன் முடிந்து சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாக இருப்பதால் உறையைப் பிரிக்கக்கூட வீட்டில் விடவில்லை. ஞாயிறு மத்தியானம் எல்லோரும் தூங்கினபிறகு திருட்டுத்தனமாகப் பிரித்தேன்.

பிரெஞ்சுக் கலைஞன் மெரியோனின் ‘போக்கிரிப் பையன்கள் தெரு’, 1854. பேர்தான் தெரு. இருப்பதெல்லாம் ஒரு வீட்டுச் சுவர், கம்பி போட்ட ஜன்னல், நடந்து போகிற இரண்டு பெண்கள், குகை மாதிரி ஒரு வாசல். அந்த வாசலை விட்டுக் கண் நகரவே மாட்டேன் என்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மையை அப்பின இருட்டு இல்லையடா அது. கோட்டின்மேல் கோடாக இழைத்தது. செம்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் போடுவார்கள். ஊற ஊறக் கோடு ஆழமாகும், அச்சில் கறுப்பு ஏறும். அந்த வாசலை மனுஷன் அவசரப்படாமல் ஊறவிட்டிருக்கிறான்.

கப்பற்படையில் இருந்தவன், நியூசிலாந்து வரை போய்வந்தவன். நிறக்குருடு என்பதால் வண்ண ஓவியம் கைகூடவில்லை, எட்சிங் என்கிற இந்தத் தகட்டு வேலைப் பக்கம் வந்தான். எனக்கானால் ஆபரேஷனுக்குப் பிறகு வெள்ளைச் சுவரெல்லாம் நீலம் பாரித்துத் தெரிகிறது. இத்தனை வருஷம் மஞ்சளைத்தான் வெள்ளை என்று நம்பியிருந்தேனாம்!

தகட்டிலேயே அவன் எழுதியிருக்கும் கவிதையைக் கவனித்தாயா? இந்த இருட்டு வீட்டில் யார் குடியிருந்தார்கள் என்று கேட்டுவிட்டு, எனக்கென்ன தெரியும், வேண்டுமானால் நீயே போய்ப் பார், இன்னும் நேரம் இருக்கிறது என்கிறான். அதற்கு முந்தின வருஷம்தான் ஓஸ்மான் நகர நிர்வாகத் தலைவராகப் பதவிக்கு வந்து பழைய பாரிஸை இடிக்கத் தொடங்கியிருந்தார். ‘இன்னும் நேரம் இருக்கிறது’ என்றால் எவ்வளவு நேரம்? படத்தில் அழுகை, புலம்பல் எதுவும் கிடையாது. அந்தப் பெண்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நம் தெருக்கோடி டெய்லர் வீடு ஞாபகம் இருக்கிறதா? பகலிலும் ரேழி இருட்டாக இருக்கும், பந்து உள்ளே விழுந்தால் ‘நீ போ, நீ போ’ என்று தள்ளிக்கொள்வோமே. விற்றாகிவிட்டது. ஓட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று பால்காரர் சொன்னார். புதன்கிழமை கண்ணைக் காட்டப் போகிறேன். திரும்பும்போது ஆட்டோவை அந்தப் பக்கமாக விடச் சொல்லப் போகிறேன். உன் தங்கையிடம் சொல்லிவிடாதே, இங்கே போன் பண்ணி மாட்டிவிடுவாள்.

உன்
ராமு