அப்பாவோட வில்லுப்பாட்டு திரும்பக் கெடச்சுட்டு, எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் ராத்திரி பன்னெண்டு மணிக்கு "ஹார்ட் டிஸ்க் போயிட்டு, யாருக்காவது வழி தெரிஞ்சா சொல்லுங்க"ன்னு அழாத கொறையா நான் போட்ட மெசேஜ் பாத்து போன் பண்ணுனவிய, வீட்டுக்கே வந்தவிய, பேசாம பென் டிரைவ் குடுத்து விட்டவிய, எல்லாருக்கும் தனித்தனியா நன்றி சொல்லணும்னு இருந்தேன், முடியல. அதான் இந்த மடல்.

தெரியாதவங்களுக்காக சொல்லுதேன். எங்கப்பா கன்னியாகுமரி மாவட்டத்துல இரணியல் பக்கம் நாப்பது வருசம் வில்லுப்பாட்டு படிச்சவிய. முத்தாரம்மன் கொடை, இசக்கியம்மன் கொடை, சுடலைமாடன் கொடைன்னு கோயில் திருவிழா சீசன் வந்துட்டா வீட்டுல ஆளப் பாக்க முடியாது. அங்கங்க டேப் ரெக்கார்டர் வச்சு பிடிச்ச கேசட் 71 இருந்துது. 2014-ல நான்தான் ஒவ்வொண்ணா ஓடவிட்டு கம்ப்யூட்டர்ல ஏத்துனேன். ஒரு மணி நேர கேசட்டுன்னா ஒரு மணி நேரமும் பக்கத்துலயே இருக்கணும், நிமிசத்துக்கு 10 எம்பி கணக்குல ஒரு கேசட்டே 600 எம்பிக்கு மேல வரும். மொத்தம் 45 ஜிபி. ஏத்தி முடிச்ச ஜோருல பூஞ்சை பிடிச்ச கேசட்ட எல்லாம் சாக்குல கட்டி பழைய இரும்புக்காரர்ட்ட போட்டேன். அம்மா அப்பவே "வேண்டாம்லே"ன்னாவ.

அதுக்கப்புறம் கம்ப்யூட்டர்ல எடம் பத்தலன்னு அங்க இருந்தத அழிச்சுட்டு ஒரு 1 டெராபைட் எக்ஸ்டர்னல் டிஸ்க்ல மட்டும் வச்சிருந்தேன், கேக்குறவங்ககிட்ட எல்லாம் "பேக்கப் இருக்கு"ன்னு பெருமையா சொல்லுவேன். ஒரு எடத்துல மட்டும் இருந்தா அது பேக்கப்பே இல்ல, அதுதான் ஒரிஜினல்னு அன்னிக்குதான் மண்டையில ஏறுச்சு.

அப்பாவோட ஆண்டு திதிக்கு பாட்டு போடலாம்னு மாட்டுனா ஃபோல்டர் தொறக்கவே நாலு நிமிசம். கழட்டி மாட்டுனா விண்டோஸ் ஃபார்மட் பண்ணவான்னு, அதாவது எல்லாத்தையும் அழிச்சு புதுசாக்கவான்னு கேக்குது. நான் ஒரு மடையன், ஓகே குடுக்கப் போனேன். அந்த நேரத்துல பெங்களூர்ல இருந்து போன் அடிச்ச என் ஸ்கூல் கூட்டுக்காரனுக்குதான் மொத நன்றி. "கைய எடுலே. ஃபார்மட் குடுக்காத, செக் டிஸ்க்னு விண்டோஸ்லயே இருக்குற ரிப்பேர ஓட்டாத, ரெக்கவரி சாப்ட்வேர் எதையும் அந்த டிஸ்க்லயே எறக்கித் தொலைக்காத, மொதல்ல கழட்டி வை"ன்னு ஒரே மூச்சுல சொன்னான். டிக் டிக்னு சத்தம் வருதான்னும் கேட்டான். வந்தா உள்ள தகட்டப் படிக்கிற ஹெட் போயிருக்கும், அதுக்கு மேல கரண்ட் குடுத்தா தகட்டையே உராஞ்சுரும், தூசி இல்லாத ரூம்ல தொறக்குற ஆளுகிட்டதான் குடுக்கணுமாம். நல்லவேளை நம்மளுக்கு சத்தம் இல்ல.

நடுவுல ஒரு கடைக்குக் கொண்டு போனேன். "ஃபார்மட் அடிச்சு தாரேன் சார், டிஸ்க் புதுசு மாதிரி ஆயிரும்"னாரு. டிஸ்க் யாருக்கு வேணும்!

ரெண்டாவது நன்றி திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்துல வேலை பாக்குற சித்தி மகனுக்கு. டிஸ்க்க துவர்த்துத் துண்டுல சுத்தி டிபன் தூக்குக்குள்ள வச்சு, மடியில வச்சே இரணியல்ல இருந்து ரயில்ல கொண்டு போனேன், பக்கத்து சீட்டுல இருந்த ஒரு அம்மா சாப்பாடுன்னு நெனச்சிருப்பாவ. அவன் கெட்ட டிஸ்க்ல கையே வைக்கல. 2 டெராபைட் புதுசு ஒண்ணு வாங்க வச்சு, லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூன்னு ஒரு இலவச புரோகிராம் போட்டு முழு டிஸ்க்கையும் அப்படியே அச்சு எடுத்தான். நல்லா இருக்குற பகுதிய மொதல்ல அள்ளிட்டு, அடம் பிடிக்கிற எடத்தத் தாண்டிப் போயி கடைசியா திரும்ப வந்து கெஞ்சிப் பாக்கும். எதுவரைக்கும் எடுத்துச்சுன்னு ஒரு கணக்கு ஃபைல் எழுதிக்கிட்டே வரும், ராத்திரி மழையில ரெண்டு தடவ கரண்ட் போயும் விட்ட எடத்துல இருந்தே தொடங்குச்சு. ரெண்டு ராத்திரி ஒரு பகல். ஃபைல மீட்டு எடுக்குற டெஸ்ட் டிஸ்க், ஃபோட்டோ ரெக் புரோகிராம் எல்லாம் அந்த நகல்ல மட்டும்தான் ஓட்டுனான்.

57 கேசட் பேரோட முழுசா வந்துட்டு. பத்து வந்துது, ஆனா பேரு இல்ல, எஃப்னு தொடங்கி நீளமா நம்பர் மட்டும். இங்கதான் அம்மா. கம்ப்யூட்டர் முன்னால ஸ்டூல் போட்டு உக்காந்து, கண்ண மூடிக்கிட்டு, உடுக்கு சத்தமும் நாலு வரியும் கேட்டுட்டு "இது ஆளூர் கொடை, மழை பெஞ்சு பந்தல் ஒழுகுன வருசம். குடம் அடிக்கிறது உங்க மாமா இல்ல, வேற ஆளு"ன்னு சொல்லிட்டே போறாவ. அஞ்சாவது ஃபைல்ல பாட்டுக்கு நடுவுல அப்பா இருமிட்டு "தண்ணி கொண்டாடே"ங்கிறாவ. அம்மா எந்திச்சு அடுக்களைக்குப் போயிட்டாவ, அன்னிக்கு அதோட நிறுத்திட்டோம்.

நாலு போயே போச்சு. அப்பா யாரு கேட்டாலும் என்னைய விட்டு பென் டிரைவ்ல காப்பி போட்டுக் குடுப்பாவ, நான் "சும்மா ஊருக்கெல்லாம் குடுக்காதீய"ன்னு சண்டை பிடிச்சிருக்கேன். அந்த நாலுல மூணு இப்ப வந்தது அந்த பென் டிரைவ்ல இருந்துதான். திங்கள்நகர்ல குடம் அடிக்கிற மாமா ரெண்டு, கொளச்சல்ல ஒரு மைக் செட் அண்ணாச்சி ஒண்ணு, தரம் கொஞ்சம் கொறையுற எம்பித்ரி ஃபைலா இருந்தா என்ன, கெடச்சுதே. அண்ணாச்சி காசு வாங்க மாட்டேன்னுட்டாவ, டீயும் அவியதான் வாங்கித் தந்தாவ.

இப்ப எப்படி வச்சிருக்கேன்னு ரெண்டு பேரு கேட்டிருந்தீய. மூணு எடம். ஒண்ணு வீட்டு கம்ப்யூட்டர்ல. ஒண்ணு பூதப்பாண்டியில அக்கா வீட்டு பீரோவுல, வேற டிஸ்க், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட, பொங்கலுக்கும் ஓணத்துக்கும் போகும்போது எடுத்து மாட்டிப் பாக்கணும். மூணாவது நெட்டுல, கூகுள் டிரைவ்ல சும்மா குடுக்குற 15 ஜிபி பத்தாது, அதனால ஃபிளாக்குங்குற ஆடியோ ஃபைலா மாத்தி (சத்தத்தோட தரம் ஒரு துளி கொறையாது, சைஸ் பாதி கிட்ட ஆயிரும்) காசு கட்டி ஏத்திருக்கேன். கம்ப்யூட்டர் ஃபோல்டரோட தானா சிங்க் ஆகுற மாதிரி மட்டும் வைக்கல, இங்க தெரியாம அழிச்சா அங்கயும் அழிஞ்சுரும். டிரைவ் குப்பைத் தொட்டியில 30 நாள்தான் கெடக்கும், நான் பாக்குறதே ஆறு மாசத்துக்கு ஒருக்கா!

இன்னும் ஒண்ணே ஒண்ணு கெடைக்கல. தோவாளை பக்கம் ஒரு இசக்கியம்மன் கொடையில படிச்சது, கேசட் மேல பச்ச மையில "பாதி"ன்னு அப்பா கையெழுத்து இருந்துது. அதோட காப்பி உங்க வீட்டு பரண்ல, பழைய போன்ல, எங்கயாவது கெடந்தா சொல்லுங்க, நானே வண்டி எடுத்துட்டு வாரேன்.