மாலதிக்கு, சிங்கப்பூர் கிளம்பும் முன்

ஜெயநகர், பெங்களூரு

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்தபோது நாங்கள் சிங்கப்பூரில் இருந்தோம். ஊர் திரும்பி, துணியெல்லாம் துவைத்துப் போட்ட கையோடு உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பாட்டு டீச்சர் மறுபடியும் வீடு மாற்றிவிட்டார், ஏன் என்று உனக்கே தெரியும்.

மாமியார், மகள், பேரன் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போகிறாய், விமானத்தை விட்டு இறங்கி சீக்கிரம் வெளியே வர வழி சொல் என்கிறாய். ஹாஸ்டல் மெஸ்ஸில் தினமும் முதல் தட்டு வாங்கியவளுக்கு நான் வழி சொல்ல வேண்டியிருக்கிறது பார்! சரி, சொல்கிறேன். ஆனால் ஒன்று, விமானம் நின்றதும் எழுந்து நின்று மேலே இருக்கும் பெட்டியை இழுக்கும் கூட்டத்தில் மட்டும் சேராதே. கதவு திறக்க எப்படியும் நேரமாகும், அதற்குள் பெட்டி யார் தலையிலாவது விழும். பெரும்பாலும் முன்கதவு வழியாகத்தான் இறக்குகிறார்கள், அதனால் முன்பக்கத்து இருக்கை கிடைத்தால் நல்லதுதான். ஆனால் நீ எப்படியும் பெரிய பெட்டிகளைச் செக்-இன் செய்வாய், அவை பெல்ட்டில் வரும்போதுதான் வரும். ஓடிப்போய் அங்கே நிற்பதில் என்ன லாபம்?

உண்மையான நேரம் மிச்சமாவது வீட்டில்தான் மாலதி, கிளம்புவதற்கு முன்னால். சிங்கப்பூருக்கு எஸ்ஜி அரைவல் கார்டு என்று ஒரு வருகைப் படிவம் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். போய்ச் சேரும் நாளையும் சேர்த்துக் கடைசி மூன்று நாளில்தான் நிரப்ப முடியும். பாஸ்போர்ட் விவரம், விமான எண், தங்கும் முகவரி, உடல்நலம் பற்றிச் சில கேள்விகள், அவ்வளவுதான். குடும்பத்துக்கே மொத்தமாக நிரப்பலாம். இது விசா இல்லை, விசா தனி, அதை முன்னாலேயே வாங்கியிருக்க வேண்டும். கார்டுக்குக் காசு கிடையாது. அங்கத்திய இமிகிரேஷன் துறையான ஐசிஏவின் தளத்துக்கே நேராகப் போ. கூகுளில் தேடினால் அதே மாதிரி இருக்கும் வேறு தளங்கள் வந்து பணம் கேட்கும். நம் சித்ராவின் தம்பி அப்படித்தான் ஒன்றில் பணம் கட்டிவிட்டான். சும்மா கிடைக்கிற படிவத்துக்கு, தெரியாதவர்களிடம் காசு பிடுங்குகிறார்களே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இப்போது ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோரும், நம்மைப் போன்ற வெளிநாட்டுக்காரர்களும், இமிகிரேஷனில் தானியங்கி வாசல் வழியாகவே போகலாம். பாஸ்போர்ட்டில் முத்திரைகூடக் குத்துவதில்லை, அனுமதி மின்னஞ்சலில் வருகிறது. உன் பேரனுக்கு நாலு வயசுதானே, அவனை மகள் கவுன்டருக்குக் கூட்டிப் போகட்டும். நீ முன்னால் போய்ப் பெட்டியை எடுத்து வை.

ஆனால் அங்கே நான் பார்த்த ஒன்றை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். வாசலுக்கு முன்னால் ஓர் அம்மா தனியாக நின்றார், கிருஷ்ணகிரிப் பக்கம், முதல் விமானப் பயணம், பேத்தி பிறந்திருக்கிறாள், பார்க்கப் போகிறார். அவருக்கு யாரும் கார்டு நிரப்பவில்லை. ஏஜென்ட் நிரப்பியிருப்பார் என்று மகள் நினைத்தாளாம், மகள் நிரப்பியிருப்பாள் என்று ஏஜென்ட். அதிகாரி மரியாதையாகத்தான் ஓரமாக நிற்கச் சொன்னார், ஆனால் அந்த அம்மா ஏதோ குற்றம் செய்துவிட்டது போல நடுங்கிப்போய் நின்றார். விமான நிலையத்து வைஃபையில் என் போனிலேயே நிரப்பிக் கொடுத்தேன். மகளின் முகவரி எழுதிய தாள் பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே மடித்து இருந்தது. எனக்கு அந்த மகள் மேல் கோபம் கோபமாக வந்தது. டிக்கெட் வாங்கிக் கொடுப்பதோடு பிள்ளைகளின் வேலை முடிந்துவிடுமா, நீயே சொல். தெரிந்தவர்கள் வீட்டுப் பெரியவர்கள் யார் கிளம்பினாலும் கார்டு நிரப்பியாயிற்றா என்று இனி நான் கேட்காமல் விடப்போவதில்லை, நீயும் கேள்.

அதனால்தான் உன் மாமியாரைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அவர் முட்டி வலியோடு வரிசையில் நிற்க முடியாது. சக்கர நாற்காலி வேண்டும் என்று விமான நிறுவனத்திடம் குறைந்தது 48 மணி நேரம் முன்னால் சொல்லிவிடு. கௌரவம் பார்த்து வேண்டாம் என்பார், கேட்காதே. விமானத்திலிருந்து கடைசியாகத்தான் இறக்குவார்கள், ஆனால் ஆளே கூட வந்து இமிகிரேஷன் வரை தள்ளிக்கொண்டு போவார், நீண்ட நடையும் இல்லை, நிற்கவும் வேண்டாம். அவருடைய பாஸ்போர்ட் காலாவதித் தேதியையும் இன்றே எடுத்துப் பார்.

இனி ஊர் திரும்பும்போது. இதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை ஆசையாக இருந்தது. எஃப்டிஐ-டிடிபி என்று, இமிகிரேஷனில் நீண்ட வரிசையில் நிற்காமல் தானியங்கி வாசல் வழியாகப் போக நம் அரசாங்கத்துத் திட்டம் இருக்கிறதே, 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி, 2025 ஜனவரியில் மும்பைக்கும் பெங்களூருக்கும் இன்னும் சில ஊர்களுக்கும் வந்தது. இதற்கும் கட்டணம் இல்லை. ஆன்லைனில் விண்ணப்பித்து, அனுமதி வந்ததும் விமான நிலையத்திலோ, வெளிநாட்டவர் பதிவு அலுவலகமான எஃப்ஆர்ஆர்ஓவிலோ கைரேகையும் முகமும் பதிய வேண்டும். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதமாவது செல்ல வேண்டும். ஒரு தடவை பதிந்தால் ஐந்து வருஷம் வரை செல்லும், நடுவில் பாஸ்போர்ட் முடிந்தால் அதுவரைக்கும்தான். (எதிர்வீட்டுக்காரர் மாதிரி நீயும், விமான நிலையத்தில் முகத்தைக் காட்டி உள்ளே போகிற டிஜியாத்ரா செயலி இருக்கிறதே என்று சொல்லாதே, அது இமிகிரேஷனுக்கு உதவாது.)

இங்கே இரண்டாவது டெர்மினலில் நாங்கள் இறங்கியபோது நடுராத்திரி, ஒரே நேரத்தில் நாலைந்து விமானம் வந்திருந்தது, வரிசை வளைந்து வளைந்து போனது. நான் பாஸ்போர்ட்டைக் காட்டி, முகத்தைக் காட்டி, கதவு திறந்து வெளியே! இவர் இருக்கிறாரே, அப்புறம் பதியலாம் அப்புறம் பதியலாம் என்று தள்ளிப்போட்டவர், அந்த வரிசையின் கடைசியில். நான் பெட்டிகளை எடுத்து வைத்துக்கொண்டு, மூங்கில் கூரையைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தேன். மறுநாள் காலையிலேயே விண்ணப்பம் போட்டுவிட்டார். நீ போவதற்குள் அனுமதி வராவிட்டாலும் இப்போதே போட்டு வை, அடுத்த பயணத்துக்கு ஆகும்.

டிக்கெட்டையும் பாஸ்போர்ட் படங்களையும் எனக்கு அனுப்பு, கார்டை நாம் போனில் பேசிக்கொண்டே நிரப்பிவிடலாம். கிளம்பும் அன்று பேரனுடைய சட்டைப் பையைத் தடவிப் பார், சூயிங்கம் இருந்தால் எடுத்துவிடு, அந்த ஊருக்குள் கொண்டுபோகக் கூடாது.

அன்புடன்,
கமலா